கென்னடி கொலைக் கோப்புகள்: கறுப்புப் பட்டைகளைப் பின்தொடர்வது எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலை பற்றிய அரசு ஆவணங்கள் 2017 அக்டோபர் 26 அன்று 2,891, 2018 ஏப்ரலில் 19,045, 2021 டிசம்பரில் 1,491, 2022 டிசம்பரில் 13,173 என்று வெளியானதாகக் குறித்து வைத்திருக்கிறேன். 2025-இல் இன்னும் 77,000 பக்கம் என்கிறார்கள். கூட்டினால் மொத்தம் எவ்வளவு? (கோவை)

பதில்: கூட்டாதீர்கள். ஒரே தாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 2018-இல் ஒரு பத்தியை மறைத்து வந்த கடிதம், 2022-இல் ஒரு பெயரை மட்டும் மறைத்து வரும்; 2025-இல் முழுசாக வரும். மூன்று தடவையும் அது ‘வெளியீடு’ கணக்கில் ஏறும். உண்மையில் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இந்தத் தொகுப்பு 50 லட்சம் பக்கங்களைத் தாண்டியது. அதில் பெரும்பகுதியை 1990-களிலேயே திறந்துவிட்டார்கள். இவற்றைத் திறக்கச் சொன்ன 1992-ஆம் ஆண்டுச் சட்டம் 25 வருடக் கெடு வைத்தது; 2017-க்குப் பிறகு நடந்ததெல்லாம் மிச்சமிருந்த கறுப்புப் பட்டைகள், அதாவது எழுத்தை மறைக்கப் போட்ட கறுப்புக் கோடுகள், மீதான இழுபறிதான். எனவே எண்ணிக்கையை விடுங்கள், பதிவு எண்ணைப் பிடியுங்கள்.

கேள்வி: பதிவு எண் என்றால் 104-10001-10001 மாதிரி இருப்பதுதானே? அதில் என்ன தெரியும்? (திருநெல்வேலி)

பதில்: முதல் மூன்று இலக்கம், தாள் எந்த அமைப்பின் கோப்பிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். 104 என்றால் சிஐஏ, 124 எஃப்பிஐ, 180 பிரதிநிதிகள் சபையின் கொலை விசாரணைக் குழு, 157 உளவு அமைப்புகளை விசாரித்த செனட்டின் சர்ச் குழு, 176 கென்னடி நூலகம். மீதி இரண்டும் வரிசை எண்கள்.

பெரும்பாலான ஆவணங்களுக்கு முதல் பக்கமாக ஓர் அடையாளத் தாள் இருக்கும். அனுப்பியவர், பெறுபவர், தேதி, பக்க எண்ணிக்கை, நிலை எல்லாம் அதில் உண்டு. பக்க எண்ணிக்கையை உடனே சரிபாருங்கள். தாளில் 6 என்று போட்டு, பிடிஎஃப்பில் 4 பக்கம் இருந்தால் எங்கோ விடுபட்டிருக்கிறது. 13 இருந்தால் பதற வேண்டாம். அடையாளத் தாளும் பழைய, மறைத்த பிரதியும் சேர்ந்தே ஸ்கேன் ஆகியிருக்கும். ஆனால் ‘நிலை’ என்ற வரியை நம்பாதீர்கள். அது 1990-களில் அடித்தது. ‘முழுமையாக நிறுத்தி வைக்கப்பட்டது’ என்ற தாளுக்குக் கீழேயே ஆவணம் முழுசாகத் திறந்து கிடக்கும்.

கேள்வி: ஒரே ஆவணத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட மென்பொருள் ஏதாவது உண்டா? (சேலம்)

பதில்: எழுத்தை ஒப்பிடும் மென்பொருள் இங்கே காலை வாரிவிடும். இவை கார்பன் பிரதியின் நகலுக்கு நகல். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஒரே வரியை இரண்டு பதிப்பிலும் இரண்டு விதமாகப் படிக்கும். நூற்றுக்கணக்கில் பொய் வித்தியாசம் காட்டும். கண்ணால் பார்ப்பதுதான் வழி.

முதலில் கோப்புப் பெயரைக் கவனியுங்கள். 2018 வெளியீட்டிலும் 2025 வெளியீட்டிலும் ஒரே பதிவு எண்ணே கோப்புப் பெயராக வருவதுண்டு. அப்படியே இறக்கினால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். இறக்கும்போதே ஆண்டை முன்னால் சேர்த்துவிடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, பக்க எண்ணை வைத்து அல்ல, பத்தியின் முதல் சொல்லை வைத்துப் பொருத்துங்கள்.

இன்னும் திறக்காத இடைவெளி இருந்தால் அளக்கலாம். அந்தக் காலத் தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்: பைக்கா என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் என்றால் 12. ஸ்கேனில் அளவு சுருங்கியிருக்கும் என்பதால் ஸ்கேலை நேரடியாக வைக்காமல், மேல் வரியில் தெரிகிற எழுத்துகளை அந்தப் பட்டையின் அகலத்துக்குள் எண்ணுங்கள். 12 இடம் என்றால், இடையில் வரும் காலி இடத்தையும் சேர்த்துப் பன்னிரண்டுக்குப் பொருந்தாத பெயரையெல்லாம் தள்ளிவிடலாம். பொருந்துகிற பெயர்தான் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பட்டையைப் பேனாவால் இரண்டு எழுத்து தாராளமாகப் போட்டவர்களும் உண்டு.

இதைவிடப் பலன் தரும் வழி, அதே தாளின் இன்னொரு நகலைத் தேடுவது. சிஐஏ எஃப்பிஐக்கு அனுப்பிய கடிதம் 104-லும் இருக்கும், 124-லும் இருக்கும். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் பரிசீலித்ததால் ஒன்றில் மறைத்தது மற்றதில் பளிச்சென்று தெரியும். தேதியையும் அனுப்பியவரையும் வைத்துத் தேடுங்கள்.

கேள்வி: ஆவணக் காப்பகத்தின் எக்செல் பட்டியலில் தேதிப்படி வரிசைப்படுத்தினால் குழப்பமாக இருக்கிறதே? (சென்னை)

பதில்: அமெரிக்கத் தேதியில் மாதம் முதலில். நம் கணினி நாளை முதலில் எடுத்துக்கொள்ளும். 06/07/63 என்ற ஜூன் 7, ஜூலை 6 ஆகிவிடும். 11/22/63 மாறாமல் எழுத்தாகவே நிற்கும், பாதி இப்படி, பாதி அப்படி. தேதி நெடுவரிசையை எழுத்தாகவே வைத்து, மாதம், நாள், ஆண்டை மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்துவிடுங்கள். பூஜ்யங்கள் மட்டும் இருந்தால் தேதி தெரியாத ஆவணம்.

கேள்வி: பட்டை நீங்கிய இடத்தில் ‘குபார்க்’, ‘ஒடென்வி’ என்று ஏதோ இருக்கிறது. (மதுரை)

பதில்: சிஐஏ-வின் மறைபெயர்கள். முதலாவது சிஐஏ-வையே குறிக்கும், இரண்டாவது எஃப்பிஐ. ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்து ஒரு குறி: ‘ஏஎம்’ என்றால் கியூபா, ‘எல்ஐ’ என்றால் மெக்சிகோ.

கேள்வி: இவ்வளவு வருடம் மறைத்ததில் கொலைக்கான துப்பு எதுவும் இருந்ததா? இன்னும் என்ன பாக்கி? (புதுச்சேரி)

பதில்: மறைத்தவற்றில் பெரும்பகுதி ஆட்களின் பெயர், உளவு நிலையங்களின் இடம், வேலை செய்யும் முறை. 1961 ஜூன் 30 அன்று ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் கென்னடிக்கு எழுதிய குறிப்பில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம் மறைந்தே கிடந்தது. 2025-இல் திறந்தபோது, பாரிஸ் தூதரகத்தில் 128 சிஐஏ ஆட்கள் இருந்தார்கள் என்பது போன்ற விவரங்கள்தான் வெளிவந்தன. அரசுக்குச் சங்கடம், கொலைக்குத் துப்பு அல்ல. 2023-இல், கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டின் கடிதப் போக்குவரத்தைக் கண்காணித்த சிஐஏ ஊழியர் ரூபன் எஃப்ரானின் பெயர் திறந்தது சிறியதாகத் தெரிந்தாலும் அதைவிட உபயோகமானது: அந்தப் பெயரைக் கொண்டு மற்றக் கோப்புகளைத் தேட முடியும்.

பாக்கி இருப்பவை வேறு ரகம். வருமான வரிக் கணக்குகளும் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று ரகசியமாக விசாரிக்கும் குழு) சாட்சியங்களும் 1992 சட்டத்தின் 10, 11-ஆம் பிரிவுகளில் வருகின்றன. முன்னது வரிச் சட்டத்தின் பூட்டு, பின்னது நீதிமன்றத்தின் பூட்டு. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு மட்டும் திறந்துவிட முடியாது. ஓர் எச்சரிக்கை: 2025 மார்ச் கோப்புகளில் உயிரோடிருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் (அமெரிக்கர்களின் தனிப்பட்ட அடையாள எண்) மறைக்காமல் வந்துவிட்டன. பக்கங்களைப் பகிர்வதற்கு முன் அவற்றை நீங்களே மறைத்துவிடுங்கள்.