துள்ளலும் பயமும் மிகுந்த, மீட்கப்பட்ட நாய்க்குப் பொருத்தமான வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தோட்டத்து ஓரத்தில் கிடந்த ஒன்றரை வயதுப் பெண் நாயை எடுத்து வந்து இரண்டு மாதமாக வளர்க்கிறீர்கள். ஒரு நொடி சும்மா இராமல் ஓடுகிறது, ஆனால் புது ஆள் வந்தால் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்கிறது. கேட்டு வந்திருக்கும் ஐந்து குடும்பங்களில் யாருக்குக் கொடுப்பது, தீபாவளிக்குள் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே நிலையில் இருந்து, முதலில் தவறான வீட்டுக்குக் கொடுத்து, பிறகு திருத்திக்கொண்டவள் என்பதால் எழுதுகிறேன். நாய்மீது அதிக ஆசை வைத்திருப்பவரைத் தேடாதீர்கள். நாய் தம்மை நாடாத நாள்களிலும் மனம் சுருங்காமல், ஒரே நேரத்துக்கு எழுந்து ஒரே வழியில் நடக்கிறவரைத் தேடுங்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் எடை மேடைக் கணக்கராக வேலை செய்கிறேன். குலை ஏற்றி வரும் லோரிகள் ஏறி நிற்கும் மேடைக்கு அடியில்தான் நான் மீட்ட நாய் சிட்டு இருந்தாள். எங்கள் வட்டாரத்தில் தெருநாய் பெருகியதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பால்மரத்தை (ரப்பர் மரத்தை) வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோதும், தோட்டங்கள் கைமாறியபோதும், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. நாய்களுக்கு அங்கே இடம் இல்லை. விட்டுச் சென்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டாரும் அப்படி ஒரு நாயை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

சிட்டுக்குச் சோறு வைத்துப் பழக்கி வீட்டுக்குக் கொண்டு வர ஏழு வாரம் ஆயிற்று. அதன்பின் வீடு தேடும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்று: வாசல் எவ்வளவு அகலம் என்பது. அவ்வளவு ஓடுகிற நாய்க்கு ஓட இடம் வேண்டும் என்ற எண்ணத்தில், ஈப்போவிலிருந்து குவாலா கங்சார் செல்லும் பழைய நெடுஞ்சாலை ஓரத்தில், புல்வெளியும் ரம்புத்தான் மரங்களும் கொண்ட பெரிய தனி வீட்டுக்குக் கொடுத்தேன். நல்ல மனிதர்கள், மூன்று பிள்ளைகள், எல்லாருக்கும் அவள்மீது கொள்ளை ஆசை. நான்காம் நாள் அந்தி நேரத்தில், பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து இறங்கிக் கேட்டைத் திறந்த அதே கணத்தில், சாலையில் ஒரு கனரக லோரி புஸ்ஸென்று காற்றை விட்டு பிரேக் போட, அவள் பிள்ளைகளின் காலிடுக்கில் புகுந்து வெளியே பாய்ந்துவிட்டாள். எடை மேடையில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் நடுங்கியதை மாதக் கணக்கில் பார்த்தவள் நான். அதே சத்தம் பகலெல்லாம் கேட்கிற வீட்டை நானே தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆறு நாள் கழித்து, நெடுஞ்சாலையைக் கடந்து, ஆலைக்கே திரும்பி வந்து சேர்ந்தாள். அடிபடாமல் வந்தது எங்கள் மாரியம்மன் கருணை என்று அம்மா இன்றும் சொல்வார்.

ஆகவே முதல் வேலையாக ஒரு வாரம் அமர்ந்து, உங்கள் நாய் எதற்கெல்லாம் பயப்படுகிறது என்று எழுதி வையுங்கள். வால் ஒடுங்குவது மட்டுமே பயம் அன்று. பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, வெயில் இல்லாத நேரத்தில் மூச்சு இளைப்பது, பிடித்த தீனியையும் முகராமல் விடுவது எல்லாம் அதில் சேரும். ஒரு அச்சம் அடங்குவதற்குள் அடுத்தது வந்தால் அவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். காலையில் புது ஆள், மதியம் இடி, மாலையில் வாணம் என்று வந்த நாளில், இரவு ஒரு தட்டு விழுந்தாலும் நாய் கடித்துவிடக் கூடும்.

நீங்கள் துள்ளல் என்று சொல்வதிலும் எவ்வளவு துள்ளல், எவ்வளவு பதற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விளையாடி முடித்ததும் படுத்து உறங்கிவிடுகிற நாய்க்குச் சுறுசுறுப்பு அதிகம், அவ்வளவே. ஓடிக் களைத்த பிறகும் படுக்க முடியாமல் வீட்டைச் சுற்றி வந்தால் அதற்கு ஓட்டம் போதாமல் இல்லை, அமைதிதான் போதவில்லை. சிட்டுக்குப் பந்தை எறிய எறிய வெறி ஏறியதே தவிர அடங்கவில்லை. மாறாக, அவளுடைய தீனியைப் புல்லில் தூவிவிட்டு மோப்பம் பிடித்துத் தேட விட்டபோதும், தேங்காய் மட்டைக்குள் கருவாட்டுத் துண்டைச் செருகிக் கொடுத்தபோதும், அரை மணி நேரத்தில் தானாகப் படுத்தாள். இப்படிப்பட்ட நாய்க்குப் பரந்த புல்வெளியைவிட, நாள்தோறும் நீண்ட கயிற்றில் முகர்ந்து முகர்ந்து மெதுவாக நடத்திச் செல்ல ஓர் ஆள் இருப்பது மேல்.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். நாயை வளர்க்க நகராண்மைக் கழகத்தின் உரிமம் வேண்டும். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், வாங்குகிறவர் தம்முடைய கழகத்தில் கேட்டுவிட்டதாகச் சொன்ன பிறகே அடுத்த பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு வீட்டில் மலாய்க் குடும்பம் இருந்தால், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய மார்க்க நெறி என்பதை மறக்கக் கூடாது. பயத்தில் வேலி தாண்டுகிற நாயால் பல வருட அண்டை உறவு முறியக் கூடாது. அது நாய்க்கும் நல்லதன்று. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டபோது தெருநாய்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. கழுத்துப் பட்டை இல்லாமல் ஓடுகிற நாயை யாரும் வீட்டு நாயென்று நினைக்க மாட்டார்கள். தடுப்பூசியும் கருத்தடையும் நீங்களே செய்து முடித்து, சான்றுகளோடு ஒப்படையுங்கள். கருத்தடையை வாங்குகிறவர் பொறுப்பில் விட்டால் பல நேரம் அது நடக்காது.

இனி அந்த ஐந்து குடும்பங்கள். அவர்கள் சொல்கிற பதிலைவிட அவர்கள் கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள் என்பது என் அனுபவம். சிட்டு திரும்பி வந்த பிறகு என்னிடம் பதினோரு பேர் பேசினார்கள். பெரும்பாலோர் கேட்டவை: என்ன சாதி நாய், திருடனைப் பார்த்தால் குரைக்குமா, பிள்ளைகள் தூக்கினால் சும்மா இருக்குமா. காவலுக்கென்று கேட்பவர்களுக்குப் பயந்த நாயைக் கொடுக்கவே கூடாது. அவர்கள் அதைச் சங்கிலியில் கட்டுவார்கள், தப்பி ஒளிய வழியில்லாத பயம் கடியில்தான் முடியும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த பிறகு, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 1,00,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்க இடம் உண்டு. ஆனால் அறியாமையால் நாயின் பயத்தை வளர்த்துவிடுவதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அதை, நாயைக் கொடுக்கிற நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

பன்னிரண்டாவதாக வந்தவர் குலை வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். வந்ததும், "பசியாறிட்டீங்களா தங்கச்சி" என்று என்னைக் கேட்டார், நாயைத் தேடவில்லை. அது கூடத்து மேசைக்கு அடியில் இருப்பதைக் கண்டும் காணாதவர்போல் அமர்ந்து, "இது பயந்தா எங்க போயி ஒளிஞ்சிக்கும்?" என்றார். மேசைக்கு அடியில்தான் என்றேன். "அப்போ எங்க வீட்டுலயும் அப்படி ஒரு இடம் செஞ்சி வைக்கணும்" என்று சொல்லிவிட்டு மேசையின் உயரத்தைச் சாண் கணக்கில் அளந்துகொண்டு போனார். அந்த முதல் நாளில் சிட்டு வெளியே வரவே இல்லை. அவர் வருத்தப்படவும் இல்லை. அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. மருத்துவர் சொன்னதிலிருந்து தினமும் பொழுது விடியுமுன் ஒரு மணி நேரம், மழையானாலும் குடை பிடித்து, தோட்டத்து மண் பாதையில் நடக்கிறவர். அவர் வீட்டில் பத்து வயதில் ஒரு சாதுவான ஆண் நாயும் இருந்தது. பயந்த நாய் மனிதனை நம்புவதற்கு முன்னால், மனிதனை நம்புகிற இன்னொரு நாயைப் பார்த்துத்தான் பல நேரம் தைரியம் பெறும். இவ்வளவுக்கும் அது பழைய லயத்தின் கடைசி வீடு. வாசல் என்று சொல்ல ஒரு பாய் விரிக்கும் அளவு இடம்தான்.

தோட்டத்து வீட்டுக்குக் கொடுப்பதானால் ஓர் எச்சரிக்கை உண்டு. முன்பெல்லாம் களைக்கொல்லியை நினைத்துப் பயந்தோம். அதில் கொடியதான பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. செம்பனை அடியில் போடும் எலி மருந்துக் கட்டிகள் இன்னும் இருக்கின்றன. அவை இரத்தம் உறைவதைக் கெடுக்கும் வகை என்பதால், தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, சோர்ந்து, இரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே1 மருந்து உண்டு, ஆனால் வேளை தவறக் கூடாது. அண்ணனுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருந்தது, மருந்து போடும் வாரங்களில் நாய்க்கு வாய்க்கூடை மாட்டித்தான் நடத்துவாராம். உங்கள் ஐவரில் தோட்டத்துக்காரர் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். உண்ணியால் வரும் காய்ச்சலும் இங்கே சாதாரணம். மாத மருந்து எவ்வளவு செலவாகும் என்று கணக்குச் சொல்லிவிடுங்கள்.

வீட்டை முடிவு செய்த பின், ஒரே நாளில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அண்ணன் மூன்று வாரம், வாரம் இரு முறை வந்து எங்களோடு நடந்தார். அதன் பிறகே அவள் அவர் வீட்டு வாசலை மிதித்தாள். கேட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியை நீங்களே கையால் அளந்து பாருங்கள். தலை நுழைந்தால் உடல் நுழையும். முதல் மாதம் முழுவதும் கழுத்துப் பட்டையும் மார்புப் பட்டையும் இரண்டும் மாட்டி, இரண்டிலும் கயிறு கோத்து நடத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் பின்னோக்கி இழுத்து ஒரு பட்டையிலிருந்து உருவிக்கொள்வது பயந்த நாய்களுக்குக் கைவந்த கலை. உங்கள் வீட்டில் அது படுத்த சாக்கைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். நாய் மீட்பில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: திகைப்பு அடங்க மூன்று நாள், நடைமுறை பிடிபட மூன்று வாரம், தன் வீடென்று உணர மூன்று மாதம். சிட்டுக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஒத்துவராவிட்டால் எந்த நேரத்திலும் என்னிடமே திருப்பித் தரவேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே போட்டார்.

தீபாவளிக்குள் கொடுக்க வேண்டாம். புது வீட்டில் மூன்று வாரம் கூட நிறையாத நாய்க்கு முதல் வெடிச் சத்தம் அங்கேயே கேட்டால், அந்த வீடே பயத்தின் இடமாகிவிடும். தீபாவளி கழிந்ததும் கொடுத்தால் சீனப் புத்தாண்டு வாணங்களுக்கு முன் ஏறக்குறைய மூன்று மாதம் கிடைக்கும். அதுவரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். தீபாவளி இரவில் சன்னலை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள அந்த இடத்தில் ஒரு பழைய கைலியை விரித்து வையுங்கள்.