ஐஸ் ஹாக்கி நடக்கும் உள்ளரங்கில் மறுநாளே கூடைப்பந்து எப்படி ஆடுகிறார்கள்? ஐஸை உருக்கிவிடுவார்களா?

உருக்குவதில்லை, மூடிவிடுகிறார்கள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கட்டடம் 1968இல் திறந்தது, பென் ரயில் நிலையத்தின் தலைக்கு மேலேயே. நிக்ஸ் கூடைப்பந்து அணிக்கும் ரேஞ்சர்ஸ் ஹாக்கி அணிக்கும் அதுதான் வீடு. கான்கிரீட் தரைக்குள் குளிர்திரவக் குழாய்கள் ஓடுகின்றன. அதன்மேல் ஓர் அங்குலம் போல ஐஸ். ஆட்டம் முடிந்ததும் அதன்மேல் வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்பி, மேலே மரத்தளத்தைத் துண்டு துண்டாகக் கோர்க்கிறார்கள். சில மணி நேர வேலைதான்.

காற்றில் ஈரம் ஏறினால்தான் வம்பு. மரத்தளம் வியர்த்து வழுக்கும். 2016 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் இப்படியாகி ஒரு என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டமே தள்ளிப்போனது.

அப்புறம், இதே அரங்கில் இசை நிகழ்ச்சியும் நடக்கும். கார்டனின் கூரை கம்பிவடங்களில் தொங்குவதால் நடுவில் தூண் கிடையாது, பார்வை மறைக்காது. ஆனால் எந்த அரங்கமானாலும், விளையாட்டுக் கூட்டத்தின் இரைச்சலுக்காகக் கட்டியதில் பாட்டு கொஞ்சம் எதிரொலிக்கத்தான் செய்யும். கனத்த திரைகளைத் தொங்கவிட்டுச் சமாளிப்பார்கள்.