அம்மாவின் டி-ஸ்கோர் −2.6: எலும்பு முறியும் ஆபத்து எவ்வளவு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. நீரிழிவு நோய் உண்டு. பதினான்கு மாதங்களுக்கு முன்பு வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்ததும் சரியாகிவிட்டது. அண்மையில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் டி-ஸ்கோர் −2.6, முதுகெலும்பில் −1.4. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் மருத்துவர். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு −3.1, அவர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார், ஒன்றும் முறியவில்லை. முதுகு நன்றாக இருப்பதால் கால்சியம் மாத்திரையே போதும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். ஆபத்து எவ்வளவு என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஸ்கேன் எண்ணுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மணிக்கட்டு.

'வழுக்கி விழுந்தால் யாருக்கும்தான் உடையும்' என்று வீட்டில் சமாதானம் சொல்லியிருப்பீர்கள். முப்பது வயதில் அதே வாசலில் அதே மாதிரி விழுந்திருந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போயிருக்கும். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் அதை எலும்பின் பலவீனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு முறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு, முறியாதவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் அது இன்னும் கூடுதல். உங்கள் அம்மா அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். கட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அன்றைக்கே எலும்பின் வலிமையைச் சோதிக்கச் சொல்லியிருக்கலாம். கை சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது என்று விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலும்புப்புரை (எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாவது), மூட்டுத் தேய்மானம் இரண்டையுமே மக்கள் 'எலும்புத் தேய்மானம்' என்கிறார்கள். முழங்கால் வலிப்பது மூட்டுத் தேய்மானம். எலும்புப்புரை உடையும் வரை வலிக்காது. அம்மாவுக்கு வலி இல்லை என்பது எந்த உத்தரவாதமும் தராது.

இப்போது −2.6. இளம் வயதுப் பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறார் என்பதைச் சொல்வது டி-ஸ்கோர். −2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது. யாருக்கு நோய் என்று பெயர் வைப்பதற்கான கோடு அது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் முறியும், இந்தப் பக்கம் நின்றால் முறியாது என்று எலும்புக்குத் தெரியாது. எலும்பு முறிந்து வரும் மூத்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரின் டி-ஸ்கோர் −2.5-க்கு மேலேதான் இருக்கிறது. நடுத்தர அடர்த்தி உள்ளவர்களின் தொகை மிகப் பெரியது என்பதுதான் காரணம்.

பக்கத்து வீட்டு அம்மாளின் வயது என்ன, அவர் எப்போதாவது விழுந்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே டி-ஸ்கோர் உள்ள ஐம்பது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் ஒப்பிட்டால், எண்பதுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. அவருக்கு இதுவரை முறியவில்லை என்பது நல்ல செய்தி. அதை உங்கள் அம்மாவின் கணக்கில் வரவு வைக்க முடியாது. சொல்லப்போனால், −3.1 உள்ள அவரையும் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'முதுகு நன்றாக இருக்கிறது' என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. எழுபது வயதில் முதுகெலும்பின் எண் இடுப்பின் (தொடை எலும்புக் கழுத்தின்) எண்ணைவிட நன்றாக இருந்தால், நான் அந்த எண்ணைச் சந்தேகப்படுவேன். வயதாகும்போது முள்ளெலும்புகளின் ஓரங்களில் எலும்பு முளைகள் வளர்கின்றன. முன்னால் ஓடும் பெருந்தமனியில் சுண்ணாம்பு படிகிறது. ஸ்கேன் இயந்திரத்துக்கு இதெல்லாம் ஒரே சுண்ணாம்புதான். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். இதைவிடக் குறும்பானது நசுங்கிய முள்ளெலும்பு. அதே சுண்ணாம்பு சிறிய இடத்துக்குள் அமுங்கியிருப்பதால், முறிந்த எலும்பே ஸ்கேனில் அடர்த்தி கூடியதாகத் தோன்றும்.

முள்ளெலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போகின்றன. 'முதுகு பிடித்துக்கொண்டது' என்று தைலம் தேய்த்துப் படுத்திருப்பார்கள். ஆகவே வீட்டில் சில விஷயங்களைப் பாருங்கள். அம்மாவின் உயரத்தைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து, இளமையில் இருந்த உயரத்தோடு ஒப்பிடுங்கள். நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டும். பழைய உயரம் யாருக்கும் நினைவில்லை என்றால் உள்பாவாடையைக் கேளுங்கள். முன்பு கணுக்காலில் நின்றது இப்போது தரையில் புரள்கிறதா? குதிகாலைச் சுவரில் ஒட்டி நிமிர்ந்து நின்றால் பின்தலை சுவரைத் தொடுகிறதா? சந்தேகம் இருந்தால் முதுகைப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் போதும். அதில் நசுங்கல் தெரிந்தால் கணக்கே மாறிவிடும். புதிதாக ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று முறிந்ததாக 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆபத்தை எண்ணாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-இல் வெளிவந்தது. இந்தியாவுக்கென்று தனிப் பிரிவும் அதில் உண்டு. வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு மாத்திரை, முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி) என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தியையும் வாங்கிக்கொள்ளும். அடுத்த பத்து ஆண்டுகளில் இடுப்பு, முதுகு, முன்கை, தோள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று முறியும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்றும், இடுப்பு மட்டும் முறியும் வாய்ப்பு எத்தனை என்றும் இரண்டு விடைகள் வரும். 12 விழுக்காடு என்று வந்தால், இவரைப் போன்ற நூறு பெண்களில் பன்னிரண்டு பேருக்கு முறியும் என்று பொருள். அந்தப் பன்னிரண்டில் உங்கள் அம்மா ஒருவரா என்று அது சொல்லாது.

அமெரிக்காவில் முதல் விடை 20 விழுக்காட்டையோ இரண்டாவது 3 விழுக்காட்டையோ எட்டினால் மருந்து என்கிறார்கள். அந்த ஊர் மருத்துவச் செலவை வைத்துப் போட்ட கோடு அது. பிரிட்டனில் வயதுக்கேற்ப கோடு நகர்கிறது. உங்கள் அம்மாவின் விஷயத்தில் இந்த விவாதமே தேவையில்லை என்பது என் கருத்து: −2.6-ம் முறிந்த மணிக்கட்டும் சேர்ந்தாலே மருந்துக்குப் போதுமான காரணம்.

தவிர, ஃப்ராக்ஸ் உங்கள் அம்மாவைக் குறைத்தே மதிப்பிடும். முறிவு போன வருடமா முப்பது வருடம் முன்பா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. எத்தனை முறை விழுந்தார் என்றும் கேட்பதில்லை. இரண்டாம் வகை நீரிழிவுக்கு அதில் இடமே இல்லை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி நன்றாக இருந்தாலும் எலும்பின் தரம் கெட்டிருக்கும். ஸ்கேன் சொல்வதைவிட ஆபத்து கூடுதல். அதை ஈடுகட்ட, முடக்குவாதம் இல்லாதவராக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் குறியிட்டுக் கணக்கிடும் மருத்துவர்கள் உண்டு.

எந்தக் கணிப்பானும் உங்கள் வீட்டுக் குளியலறையைப் பார்த்ததில்லை. இடுப்பு எலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. ஆகவே ஆபத்து எவ்வளவு என்ற கேள்வியில் சரிபாதி, 'அம்மா மறுபடி விழுவாரா?' என்பதுதான். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடிகளோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறதா? இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, இரவில் சர்க்கரை இறங்குவது ஆகியவற்றை மருத்துவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கண்புரை, பாதத்தில் மரத்துப்போன உணர்வு, தேய்ந்த ரப்பர் செருப்பு, இருட்டில் கழிப்பறைக்குப் போகும் வழி, வாசற்படி, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் வழுக்கும் தரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கழிப்பறைச் சுவரில் பதிக்கும் கைப்பிடிக்கு ஆகும் செலவை ஸ்கேன் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசல் தெளிப்பதையும் இனி வேறு யாராவது செய்யட்டும்.

அம்மாவிடம் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். கர்ப்பப்பையை எடுத்திருந்தால், அப்போது சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா, மாதவிலக்கு 45 வயதுக்கு முன்பே நின்றுவிட்டதா? மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பெயர் தெரியாத பொடி, மாத்திரை எதையாவது மாதக்கணக்கில் சாப்பிட்டாரா? அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. மருந்து தொடங்குமுன் கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. நீரிழிவு இருப்பதால் சிறுநீரகத்தின் நிலை முக்கியம். அது மிகவும் குறைந்திருந்தால் அந்த வார மாத்திரை ஒத்துவராது, வேறு ஊசி தேட வேண்டும்.

கால்சியம் மட்டும் போதுமா? போதாது. கேழ்வரகும் பாலும் மாத்திரையும் வீடு கட்டும் செங்கல் மாதிரி. இடித்துக்கொண்டே இருப்பவர்களை அவை நிறுத்தாது. எலும்பை அரிக்கும் செல்களை அடக்குவது அலெண்ட்ரோனேட் போன்ற வார மாத்திரையின் வேலை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், காப்பிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு முடியாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமில ஊசி இருக்கிறது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் தொடங்குமுன்பே முடித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியை யாராவது சொன்னால், நடுவில் தவறவிடக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். திடீரென்று நிறுத்தினால் முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கிய நோயாளிகள் உண்டு.

அடுத்த ஸ்கேனை ஓரிரு ஆண்டுகள் கழித்து, அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுங்கள். இலவச முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் கருவியின் எண்ணை இதோடு ஒப்பிட வேண்டாம். அது வேறு அளவுகோல். முதுகெலும்பில் இரண்டு மூன்று விழுக்காடு கூடியது, குறைந்தது என்று அறிக்கை சொன்னால் மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒரே நாளில் இரண்டு முறை படுக்கவைத்து எடுத்தாலும் அந்த அளவு வித்தியாசம் வரும்.