சயாம் ரயில் பாதையில் தாத்தாவின் பெயரைத் தேட முடியுமா?

கோலாலம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: “என் அம்மாவின் தந்தை 1943இல் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பி வரவில்லை. எண்பத்து மூன்று வயதாகும் அம்மாவை அழைத்துக்கொண்டு டிசம்பரில் இரண்டு நாள் காஞ்சனாபுரிக்குப் போகிறோம். அங்குள்ள கல்லறையில் தாத்தாவின் பெயர் இருக்குமா? எந்த அருங்காட்சியகத்தைப் பார்ப்பது? அம்மாவால் நடக்க முடியுமா?”

கசப்பான பதிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாய்லாந்தின் (அன்றைய சயாம்) காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்காது. ஏறக்குறைய 7,000 பேர் அடங்கியிருக்கும் அந்த இடம், ஜப்பானியரிடம் பிடிபட்டு இந்த ரயில் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகளுக்கானது. கைதிகளின் அதிகாரிகள் முகாம்களில் இறந்தவர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரிலேயே, அந்தக் குறிப்புகளோடு ஒரு தேடல் குழு பாதை நெடுகச் சென்று கைதிகளின் புதைகுழிகளை அடையாளம் கண்டது. தோட்டத்திலிருந்து போன தொழிலாளிக்கு அப்படிக் கணக்கு வைக்க ஆளும் இல்லை, தேடிப்போகக் குழுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது இறந்தவர்களை ஒன்றாகக் குவித்துப் புதைத்தார்கள் அல்லது எரித்தார்கள். ஆகவே கல்லறையில் பெயர் இல்லாததை வைத்து, தாத்தா அங்கே போகவே இல்லையோ என்று அம்மா ஐயப்பட வேண்டாம்.

தாய்லாந்தின் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று இணைத்து முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்ததில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களில் இறந்தவர்கள் 70,000 முதல் 90,000 வரை இருக்கலாம் என்பதே பொதுவான மதிப்பீடு. இருபதாயிரம் பேர் இப்படி மதிப்பீட்டின் இடைவெளிக்குள் மறைந்துபோவதே அவர்கள் எப்படி எண்ணப்பட்டார்கள் என்பதைக் காட்டிவிடும். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். சிங்கப்பூர் வீழ்ந்தபின் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் கூலியும் அரிசியும் இல்லாமல் போன நேரத்தில், நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்றே மாத வேலை என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள்; அது போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள்.

இனிப் பார்க்க வேண்டிய இடங்கள். முகாம்கள் மூங்கிலாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டு மண்ணோடு மண்ணாகிவிட்டன என்பதால், ஐரோப்பாவில் உள்ளதைப் போல முகாமே அருங்காட்சியகமாக நிற்பதை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நிற்பது பாறை மட்டும்தான். நகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், 323ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி, ஆஸ்திரேலிய அரசு 1998இல் திறந்த ஹெல்ஃபயர் பாஸ் விளக்க மையம் இருக்கிறது. இரவு முழுவதும் எரிந்த தீவட்டி வெளிச்சத்தில், எலும்பும் தோலுமானவர்கள் உளியும் சம்மட்டியுமாகப் பாறை பிளந்த காட்சி நரகத்தை ஒத்திருந்ததால் வந்த பெயர் அது. பாறைச் சுவரில் உளி இறங்கிய துளைகள் இன்றும் தெரிகின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் வெட்டப்பட்ட பாறைக்கு இறங்கப் பல படிகள் உண்டு, திரும்பி ஏறவும் வேண்டும். அம்மாவை அங்கே இறக்காதீர்கள். காட்சிக்கூடத்தையும், பள்ளத்தாக்கை நோக்கிய மேடையையும் அவர் பார்க்கட்டும். நீங்கள் காலையிலேயே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். நாம் தோக் என்னும் ரயில் நிலையம் வரை ரயிலில் போய், அங்கிருந்து வண்டி பிடிப்பதானால் வாங் போ மரப்பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போவதையும் அம்மா இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

நகருக்குள், போர்க் கல்லறைக்கு அருகிலேயே இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம்தான் என் முதல் பரிந்துரை. 2003இல் திறக்கப்பட்ட இந்தத் தனியார் அருங்காட்சியகம் பாதையின் வரலாற்றைச் சீராகச் சொல்கிறது. நேரம் குறைவென்றால் மற்றவற்றை விட்டாலும் இதை விட வேண்டாம். ஆற்றங்கரைக் கோயில் ஒன்று 1977இல் தொடங்கிய ஜீத் (JEATH) அருங்காட்சியகம் மூங்கில் குடிசை மாதிரியில் அமைந்தது. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து முதலான நாடுகளின் முதலெழுத்துகளைக் கோத்து அதற்குப் பெயர் வைத்தபோது மலாயாவும் பர்மாவும் யாருக்கும் நினைவில் வரவில்லை. க்வாய் ஆற்றின் மேலுள்ள புகழ்பெற்ற ரயில் பாலத்தின் இரைச்சலில் அரைமணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, அருகிலேயே ஜப்பானிய ரயில்வே படையினர் 1944இல் எழுப்பிய நினைவுத்தூணுக்குப் போங்கள். அதில் பல மொழிகளில் பொறித்த வாசகங்களில் தமிழும் ஒன்று. உயிரைக் குடித்தவர்களே எழுதி வைத்த அஞ்சலி என்பதால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.

அம்மா பூ வைத்துக் கும்பிட ஓர் இடம் வேண்டுமென்றால் அது வாட் தாவோன் வராராம் என்னும் வியட்நாமியப் பாணிக் கோயில். பெரும் புதைகுழியிலிருந்து எடுத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் இங்கே ஒரு தூபியின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டுள்ளது. உங்கள் தாத்தா இங்கேதான் இருக்கிறார் என்று எவராலும் சொல்ல முடியாது என்றாலும், அவரைப் போன்றவர்கள் இருப்பது உறுதியான இடம் இது.

பெயரைத் தேடும் வேலையைத் தாய்லாந்தில் தொடங்குவதைவிடப் பேராக்கில் தொடங்குவதே பயன் தரும். மலாயாவில் அடையாள அட்டை 1948இல்தான் வந்தது; அதற்கு முன் இறந்தவரை அந்தப் பதிவுகளில் தேடி நாளை வீணாக்காதீர்கள். தோட்டத்தின் பெயர், அதை நடத்திய கம்பெனி, கங்காணியின் பெயர், எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், கூடப் போய்த் திரும்பி வந்தவர் யார் என்பவற்றை அம்மாவிடம் கேட்டு, பயணத்துக்கு முன்பே ஒலிப்பதிவு செய்யுங்கள். அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயரும் தோட்டத்தின் பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். முனியாண்டியும் இராமசாமியும் நிறைந்திருந்த காலத்தில், தோட்டமும் தகப்பன் பெயரும் இல்லாமல் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடியாது. பிறகு கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போருக்குப் பின் தொழிலாளர் இலாகா வைத்திருந்த கோப்புகளைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கிடைப்பது அரிது. இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பினார்கள் என்ற எண்ணிக்கை கிடைத்தால்கூட அதை நகலெடுத்து, அம்மாவின் ஒலிப்பதிவோடு சேர்த்து வையுங்கள்.