சரிவு மனையில் ஜேசிபியை இறக்கும் முன்

வாசகி, கனகபுரா சாலை, பெங்களூரு: எங்கள் சைட் 60 அடி ஆழம். சாலையிலிருந்து பின்பக்கம் 9 அடி இறங்குகிறது. பலா, புங்கம் என ஏழு மரங்கள் நிற்கின்றன. முன்பக்கத்தை வெட்டிப் பின்பக்கம் கொட்டிச் சமன் செய்தால் செலவு குறையும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

வேண்டாம். வெட்டிய பக்கம் கெட்டி மண், கொட்டிய பக்கம் புது மண். புது மண் இரண்டு மூன்று மழைக்காலம் வரை அமுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பூசி மறைத்தாலும் திரும்ப வரும்.

40 அடி நீள வீட்டுக்கு உங்கள் சரிவில் 6 அடி இறக்கம். தரையை மூன்று மட்டமாக்கி, மட்டத்துக்கு 3 அடி இறக்குங்கள். ஒவ்வோர் இறக்கத்துக்கும் அரையடிப் படி ஆறுதான். முதியவர்கள் அறை சாலை மட்டத்திலேயே இருக்கட்டும். கீழ் மட்டத்துக் கழிவறை நீர் சாலைச் சாக்கடைக்குத் தானாக ஏறாது. வரைபடம் போடும்போதே இதற்கு வழியென்ன என்று பொறியாளரைக் கேளுங்கள், குழாய் பதிக்கும் நாளில் அல்ல.

மரங்களுக்கு ஓர் எளிய கணக்கு: நாலரை அடி உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி டேப் பிடியுங்கள். வந்த அளவைப் போல் நான்கு மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதி. 3 அடி சுற்றளவென்றால் 12 அடி. அதற்குள் ஜேசிபி, மணல் குவியல், சிமென்ட் கழுவும் நீர் எதுவும் கூடாது. அரையடி மண் கொட்டினாலே வேருக்குக் காற்று குறையும். மரம் உடனே பட்டுப்போகாது, ஓரிரு வருடம் கழித்து நுனியிலிருந்து காயும். தூண் குழி அங்கே தவிர்க்க முடியாதென்றால் கடப்பாரையால் கையால் தோண்டுங்கள். மணிக்கட்டு கனத்தில் வேர் தென்பட்டால் வெட்டாமல், பொறியாளரைக் கேட்டுத் தூணை நகர்த்துங்கள். சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம் (பிளின்த் பீம்) மண்ணுக்கு மேலே ஓடட்டும்.

மட்டம் இறங்கும் இடத்தில் மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவர் பெரும்பாலும் சரிவது மண்ணின் கனத்தால் அல்ல, பின்னால் தேங்கும் நீரால். அந்த நீர் வெளியேற, சுவரில் 5 அடிக்கு ஒரு 3 அங்குலக் குழாய் விடுங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடிக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே நீரை மட்டும் விடும் வடிதுணி. துணி இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். சாலை நீர் வீட்டுக்குள் பாயாமல் முன்பக்கம் ஓரடி அகல வாய்க்கால் அவசியம்.

வாசகர், பன்னேர்கட்டா சாலை: அஸ்திவாரம் தோண்டிய மண்ணிலேயே கல் அறுக்கலாமா? மழையில் கரையாதா?

சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல் கரையாது. இந்த ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்து பழக்கிய முறை அது. மரங்களுக்கு அடியில் மேலாக உள்ள அரையடி மண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். இலைமக்கு இருந்தால் சிமென்ட் பிடிக்காது. அது தோட்டத்துக்கு.

கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே களி படியும். களிப் படலம் தடிமனாக இருந்தால் எம்-சாண்ட் (பாறையை நொறுக்கிய மணல்) கலக்க வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது கல் வெடிக்கும். சிமென்ட் 7 முதல் 8 சதவீதம். அறுத்த கல்லை ஈரச் சாக்கால் மூடி 21 நாள் நனைத்து வாருங்கள். அவசரப்பட்டு ஒரு வாரத்தில் சுவரேற்றினால் மூலைகள் உதிரும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு சைஸ் கல் (அளவாக உடைத்த கருங்கல்), கூரை இரண்டடி வெளியே நீளட்டும்.