முதல் ஒரு மாதம் பிடில் உறையிலேயே இருக்கட்டும்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். 12 வருஷம் கர்நாடக வயலின் கற்றவர், மென்பொருள் வேலைக்காக அயர்லாந்தின் கால்வே நகரத்துக்கு வந்து 3 மாதம் ஆகிறது, பப்புகளில் சாயங்காலமானால் பிடில் சத்தம் கேட்கிறது. நானும் போய் உட்காரலாமா, நாளடைவில் இதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாயவரத்துக்காரி. கிளேர் மாவட்டத்தில் என்னிஸ் நகரத்துக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. அதில் 14 வருஷம் இந்த ஊர்க்காரர்களோடு வாசித்திருக்கிறேன்.

தாராளமாகப் போய் உட்காருங்கள். ஆனால் முதல் ஒரு மாதம் வயலினை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு டீ வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம்.

நான் அப்படிப் பொறுத்திருக்கவில்லை. முதல் தடவையே வயலினோடு போனேன். டி சுருதியில் ஒரு ரீல், அதாவது வேகமான நடன மெட்டு, போய்க்கொண்டிருந்தது. ஸ்வரம் எல்லாம் நம் சங்கராபரணம்தான், இரண்டு சுற்றில் பிடிபட்டுவிட்டது. அப்புறம் அதன் மேலே கல்பனாஸ்வரம், அதாவது அப்போதைக்கப்போது கற்பனையாக ஸ்வரம், போட ஆரம்பித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெட்டு முடிந்ததும் பெரிய பிடில்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார், அரைமணி நேரம் திரும்பவில்லை. பல மாதம் கழித்து கான்செர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம் வாசிக்கும் அம்மாள்தான் காரணத்தைச் சொன்னார். பப்பில் இப்படிக் கூடி வாசிப்பதற்குச் செஷன் என்று பெயர், அது கச்சேரி இல்லை. அங்கே எல்லாரும் ஒரே மெட்டை ஒன்றாகத்தான் வாசிப்பார்கள். எட்டு எட்டுத் தாளக் கட்டம் (பார்) கொண்ட இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, முழு மெட்டும் இரண்டு மூன்று சுற்று, அப்படியே நிறுத்தாமல் அடுத்த மெட்டு. ஒவ்வொருவரும் உள்ளுக்குள் சின்னச் சின்ன மாற்றம் செய்வார்கள். ஆனால் மெட்டின் மேலே ஏறி நின்று தனியாகப் பேசக் கூடாது. தெரியாத மெட்டு வந்தால் சும்மா இருக்க வேண்டும். எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் பயிற்சி வீண் போகாது. அவர்களும் காதால்தான் கற்கிறார்கள். அவர்களுடைய மெட்டுகளில் பெரும்பாலானவை நமக்குத் தெரிந்த மேளகர்த்தா ராகங்களில்தான் உட்காரும்: சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரகரப்ரியா, நடபைரவி. ஜிக் என்ற நடன மெட்டு தகிட தகிட, ஸ்லிப் ஜிக்கில் தகிட மூன்று முறை. தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பது நம் வயலினில் ஸ பா ஸ பா, இங்கே ஜி டி ஏ இ. நடுவில் உள்ள இரண்டு தந்திகளுக்கு இடையே உள்ள தூரம் மட்டும்தான் மாறுகிறது, அதற்கே விரல் மூன்று மாதம் தடுமாறும். கணுக்காலில் ஊன்றி வாசித்த நமக்கு நாற்காலியில் உட்கார்ந்து மோவாயில் பிடிப்பதும் பெரிய வேலைதான்.

கஷ்டம் கமகத்தில் இருக்கிறது. நம் விரல் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும். இவர்களுடைய ரோல் என்பது மேல் ஸ்வரத்தையும் கீழ் ஸ்வரத்தையும் விரலால் தொட்டுத் தெறித்துவிடுவது. தொட்ட ஸ்வரம் தனியாகக் காதில் விழவே கூடாது. அதைவிட முக்கியம் வில். தாளம் முழுக்க வலது கையில் இருக்கிறது. டொனிகல் மாவட்டப் பக்கம் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வில், வேகமாக வெட்டி வெட்டி வரும். ஸ்லைகோ மாவட்டப் பாணியில் பல ஸ்வரங்களை ஒரே வில்லில் சேர்த்து இழுப்பார்கள். எங்கள் கிழக்குக் கிளேர் பக்கம் நிதானம், ஒரு ஏக்கம் இருக்கும். ஃபீக்கிள் ஊர்ப் பக்கத்துப் பிடில்காரர் மார்ட்டின் ஹேய்ஸைக் கேட்டால் புரியும். ஸ்லைகோவின் பிடில்காரர் மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா போனவர். 1920களில் நியூயார்க்கில் அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் கப்பலேறித் திரும்பி வந்து, ஊரில் இருந்தவர்கள் வாசிக்கும் விதத்தையே மாற்றின. வெளியூர் போன ஒருவருடைய வில்லுக்கு அத்தனை பலம் இருந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

இரண்டாம் வருஷம் ஒரு புல்லாங்குழல் தாத்தா, உன் ஊர் மெட்டு ஒன்று வாசி என்றார். முத்துஸ்வாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரம் ‘வந்தே மீனாக்ஷி’யை வாசித்தேன். லிமெரிக் என்ற ஐரிஷ் மெட்டின் மேல் அவர் கட்டியது அது. சொன்னதும் தாத்தாவுக்கு நம்ப முடியவில்லை, இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி மூன்றாம் சுற்றில் தானும் சேர்ந்துகொண்டார். அவருடைய பக்கத்து நாற்காலி அன்றிலிருந்து எனக்குத்தான்.

அவர்களோடு இதுவரை இரண்டு ஆல்பம் பதிவு செய்திருக்கிறேன். மெட்ரோனோம் கிடையாது, தனித்தனி அறை கிடையாது. ஒருவர் வில்லை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக உட்காருவோம். ஒருவர் தவறினால் அது எல்லா மைக்கிலும் விழும், முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஒவ்வொரு மெட்டும் யாரிடம் கற்றது என்று ஆல்பத்தின் உறையில் போடுவார்கள். அதை விட்டுவிட்டால் மரியாதைக் குறைவு. இரண்டாவது ஆல்பத்தில் ஒரு ஸ்லோ ஏர் வந்தது. ஐரிஷ் மொழிப் பாட்டின் சொல்லோட்டத்தை வைத்து, தாளம் இல்லாமல் வாசிப்பது, கிட்டத்தட்ட நம் விருத்தம் மாதிரி. அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் உன் ஆலாபனை வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். அப்படிக் கேட்க 9 வருஷம் ஆனது.

இனி பிழைப்பு. செஷனில் இரண்டு மூன்று பேருக்குத்தான் பப் பணம் கொடுக்கும், மற்றவர்கள் சும்மா வந்து வாசிப்பவர்கள். என்னோடு வாசிப்பவர்களில் ஒருவர் தச்சர், ஒருவர் பள்ளி ஆசிரியை. நானும் வாரத்தில் 3 நாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், மீதி நாள் பிள்ளைகளுக்கு வகுப்பு. அரசு 2022இல் தொடங்கிய கலைஞர் அடிப்படை வருமானச் சோதனைத் திட்டத்தில் 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ கொடுத்தார்கள், அதுவும் குலுக்கலில். கலைஞர்களுக்கான வருமான வரி விலக்கு சொந்தமாக மெட்டு அமைத்தால்தான் பொருந்தும், வாசித்துக் கிடைக்கும் கூலிக்குப் பொருந்தாது. பதிவு வெளியானால் மெட்டமைப்பவர்களுக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் ஐ.எம்.ஆர்.ஓ.விலும், வாசிப்பவர்களுக்கு வசூலிக்கும் ராப்பிலும் பெயர் பதியுங்கள், வானொலியில் போட்டால் கொஞ்சம் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் குடியேற்ற முத்திரை சுயதொழிலுக்கு அனுமதி தருகிறதா என்று பாருங்கள். வேலைக்கான அனுமதி வேறு, இது வேறு. சுயதொழிலுக்கும் இடம் தரும் முத்திரை 4 கையில் கிடைக்கும்வரை காசு வாங்கி வாசிக்காமல் இருப்பதே நல்லது.

முறையாகக் கற்க ஜூலையில் எங்கள் கிளேரில் உள்ள மில்டவுன் மால்பேக்கு வாருங்கள். ஐரிஷ் பைப் என்ற துருத்திக்குழல் வாசித்த வில்லி கிளான்சி பெயரில் அவர் இறந்த 1973ஆம் ஆண்டிலேயே தொடங்கிய கோடைப் பள்ளி. காலையில் பிடில் வகுப்பு, அப்புறம் ராத்திரிவரை ஊர் முழுக்க செஷன். சின்ன ஊர், அந்த வாரத்தில் அறை கிடைக்காது, தங்க இடம் இப்போதே பார்த்து வையுங்கள். அங்கே நானும் இருப்பேன், வயலினோடு வாருங்கள் தம்பி.