மேட்டில் நின்றுவிடும் டீசல் மோட்டார்ஹோம்: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டி சமதரையில் ஒழுங்காக ஓடுகிறது, மேட்டில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது, பட்டறையில் ஹை பிரஷர் பம்பை (டீசலை அதிக அழுத்தத்தில் இஞ்சினுக்குள் தள்ளும் பம்ப்) மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காசை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். சூடேறினால் மட்டும் படுத்துக்கொள்ளும் பம்பும் உண்டுதான். ஆனால் அதைக் கடைசியில் பார்க்கலாம்.

நான் மலேசியாவின் பீடோர்க்காரன். பழைய சின்ன பஸ் ஒன்றில் படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கியிருக்கிறேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது, லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டினால் போதும், வண்டிக்கு மூச்சு முட்டும். ஃபில்டரை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை. தோட்டத்து லோரிகளோடே காலம் கழித்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் வந்தார். இஞ்சினைத் திறக்கக்கூட இல்லை. "தம்பி, கேனில் ஐந்து லிட்டர் டீசல் வாங்கி வா" என்றார்.

டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து புதுக் குழாய் ஒன்றை இழுத்தார். ஃபில்டருக்கு முன்னால் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய். இஞ்சினில் எரியாமல் திரும்பி வரும் டீசலும் அதே கேனில் விழுமாறு செய்தார். கேனை இறுகக் கட்டி, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து மேட்டில் நான்கு முறை ஏற்றி இறக்கினோம். வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆக, பம்ப் நிரபராதி.

டேங்கைக் கழற்றினோம். உறிஞ்சு குழாயின் வலையில் கறுப்பாக, வழவழவென்று ஒரு சவ்வு. இஞ்சின் இழுக்க இழுக்க அது வலையில் ஒட்டிக்கொள்ளும். இஞ்சின் நின்றதும் மெல்ல உதிர்ந்துவிடும். கால் மணி நேர 'ஓய்வின்' ரகசியம் அதுதான். நம் நாட்டு டீசலில் 2019-இலேயே பத்து விழுக்காடு வரை செம்பனை எண்ணெயில் செய்த டீசலைக் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். நாம் வெட்டிய குலை நம் டேங்குக்கே வந்து சேருகிறது என்று அண்ணன் சிரித்தார். செம்பனை டீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். அரை டேங்கோடு மாதக்கணக்கில் நின்றால் அடியில் தண்ணீர் சேர்ந்து, அங்கே நுண்ணுயிர் வளரும். டேங்கைக் கழுவிய பிறகும் கொஞ்ச நாளில் ஃபில்டரை மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது.

கேனில் ஓடும்போது நிற்காமல், டேங்கில் ஓடும்போது மட்டும் நின்றால், அந்தப் பிளாஸ்டிக் குழாயை டேங்க் குழாயோடு சேர்த்துப் பாருங்கள். குமிழி ஓடினால் பழைய ரப்பர் குழாயில் எங்கோ வெடிப்பு. அது காற்றை உள்ளே இழுக்குமே தவிர வெளியே சொட்டாது. கீழே ஈரம் தேடிப் பயனில்லை. டேங்க் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனால், டேங்குக்குள் காற்று போக வைத்த துளை அடைத்திருக்கிறது.

டீசல் கால் டேங்குக்குக் கீழே இறங்கியதும், அதே டேங்கில் ஓடும் மின்சார ஜெனரேட்டர் மட்டும் நின்றால் பதற வேண்டாம். ஊர் திரும்ப டீசல் மிஞ்சட்டும் என்று பல வண்டிகளில் டேங்குக்குள் அதன் உறிஞ்சு குழாயைக் குட்டையாகத்தான் வைத்திருப்பார்கள்.

உங்களுடையது காமன் ரெயில் இஞ்சின் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) என்றால், ஓடும்போது டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் பக்கத்துக் குழாய்களில் கை வைக்காதீர்கள். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம், தோலைத் துளைத்துவிடும். கேன் டீசலிலும் வண்டி நின்றால், ஃபில்டரை மாற்றிப் பார்த்த பிறகு, பம்பைப் பற்றி அந்தப் பட்டறையில் பேசுங்கள்.